மூன்றாம் நம்பர் குடில்

லாங் ஐலண்ட்
9 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஹரி எழுதுகிறேன். இங்கே கொசுக்கடியைத் தவிர வேறு குறை இல்லை. உன் காது, அத்தானின் முழங்கால், ப்ரியங்காவின் படிப்பு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுது. மொத்தமாக "சௌக்கியம்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போர்ட் பிளேர் வரைக்கும் வந்தவன் டெய்ரி ஃபார்மில் உன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று கோபமாக இருப்பாய். என்ன செய்வது, பயிற்சி வகுப்பு இருந்தது. வேலை செய்கிறவர்களின் மனநலத்தை மேனேஜர்கள் எப்படிக் கவனிப்பது என்று பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் எல்லாரும் பிரியாணிக்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அந்த அம்மா கெட்டிக்காரி. "எப்படி இருக்கீங்க என்று கேட்டால் முதலில் வரும் 'நல்லா இருக்கேன்' பதிலே அல்ல. இரண்டாம் தடவை கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். 'நான் இருக்கேன், சொல்லுங்க' என்பது போதும்" என்றார். அது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் கொடுவா மீன் பண்ணையில் ஓடைக்கரையோரம் மூன்று காவல் குடில்கள் இருப்பது உனக்குத் தெரியும். ஒன்றில் குணா, இரண்டில் ஷாநவாஸ், ஓடையின் கடைசியில் மூன்றாவதில் சுதாகர். பொழுது சாயும்போது ஆபீஸிலிருந்து வாக்கி-டாக்கி செட்டில் நம்பர் நம்பராகக் கூப்பிடுவேன். "ஹாஜிர் சார்" என்று ஆஜர் சொல்வார்கள், முடிந்தது. இனிமேல் அதோடு விடப்போவதில்லை. ஒவ்வொருவரையும் எப்படி இருக்கிறார் என்று இரண்டு தடவை கேட்கப்போகிறேன். தலைமை ஆபீஸும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
ஹரிஹரன்


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
20 ஜூன் 2023

அன்புள்ள ஹரிக்கு,

உன் கடிதம் போட்டில் நனைந்து, இஸ்திரி போட்டுப் படிக்கும்படி வந்து சேர்ந்தது. தனித்தனியாகக் கேட்டாயே, வாங்கிக்கொள். என் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. ஹார்பரில் நாளெல்லாம் நின்று அத்தானின் முழங்கால் வீங்கியிருக்கிறது. உன் மருமகள் ப்ரியங்கா படிக்கிறாளோ இல்லையோ, போனைப் பார்க்கிறாள். காது போனதில் எனக்கு ஒரே லாபம், நீ எழுதியாவது தொலைக்கிறாய்.

அந்த அம்மா சொன்னதெல்லாம் நல்லதுதான். ஆனால் செட்டில் கேட்டால் போதுமா? மனுஷனுடைய முகத்தைப் பார்க்க வேண்டாமா? எனக்குக் காது கேட்காது, அதனால் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். வாய் சொல்வதைவிட முகம் சொல்வதைத்தான் நான் இப்போது நம்புகிறேன்.

சுதாகரை நினைத்தால் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஏப்ரலில் அவனுடைய பெண் குழந்தை பரமக்குடியில் காய்ச்சலில் போனபோது, கப்பல் கிடைக்காமல் நம் வீட்டில்தானே காத்துக் கிடந்தான். அழவே இல்லை. நான் வெட்டிப்போட்ட துணிகளையெல்லாம் அளவு வாரியாக மடித்து அடுக்கிவிட்டான். அவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது. திரும்பி வந்தவனை நேராக அந்த ஓடைக்கு அனுப்பிவிட்டீர்கள். நீ ஒருதடவை அவன் குடிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுது. டிங்கிப் படகு என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் போ.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
நளினி


லாங் ஐலண்ட்
5 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடாமல் பெய்கிறது, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தான் முழங்காலுக்கு ஷாநவாஸின் உம்மா கொடுத்த எண்ணெயை அனுப்பியிருக்கிறேன், சூடுகாட்டித் தேய்க்கச் சொல்.

சாயங்காலக் கேள்வி நன்றாக நடக்கிறது. முதலில் சிரித்தார்கள். "என்ன சார், சுகர் டெஸ்ட் மாதிரி தெனமும் கேக்கிறீங்க" என்றான் குணா. இப்போது பழகிவிட்டது. குணாவுக்குப் பல்வலி, ஷாநவாஸுக்குத் தங்கை அஸ்ரினின் கல்யாணக் கவலை. எல்லாம் கேட்டால் வெளியே வருகிறது அக்கா. நீ கவலைப்படும் சுதாகர்தான் எல்லாரையும்விடத் தெளிவாக இருக்கிறான். இரண்டாம் தடவை கேட்டாலும், "டீக் ஹை சார், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்கிறான். சென்ற வாரம் ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தான். அவன் பக்கத்துக் கூண்டுகளில் மே மாதமே மீன் பிடித்தாயிற்று, புதுக் குஞ்சு வரும்வரை வேலையும் இல்லை. நல்ல ஓய்வு. அவனுடைய ரேஷனைக்கூடக் குணாவே வாங்கிக்கொள்கிறான், போகும்போது கொடுத்துவிடுவதாக. ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருக்கிறார்கள்.

தலைமை ஆபீஸிலிருந்து என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

இந்த மழையில் ப்ரியங்காவைச் சிப்பிகாட் பக்கமெல்லாம் ஸ்கூட்டியில் சுற்றவிடாதே.

உன் தம்பி,
ஹரி


டெய்ரி ஃபார்ம்
14 ஜூலை 2023

அன்புள்ள ஹரிக்கு,

எண்ணெய் வந்தது. அத்தான் கால் தேவலை, வீடுதான் நாறுகிறது. என் காதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. போய்ப் பார்த்தாயா?

சுதாகர் சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். இங்கே கிடந்தபோது அவன் வாய் திறந்து தண்ணீர் கேட்கவே அரைநாள் ஆயிற்று. அவன் சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நம்ப முடியவில்லை. அதோடு, அவன் ரேஷனைக் குணா ஏன் வாங்க வேண்டும்? அரிசி வாங்கவாவது அவன் ஆபீஸ் பக்கம் வந்தால் நீ ஒரு தடவை பார்த்திருப்பாய். கடைசியாக அவனை எப்போது நேரில் பார்த்தாய் என்று யோசித்துச் சொல்.

அப்பா போன பிறகு உனக்குச் சின்னப் படகு ஆகாது. அதை மீன் பண்ணைக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது நினைத்திருக்க வேண்டும். முதலாளியிடம் மறைத்ததை என்னிடம் மறைக்காதே.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
நளினி


லாங் ஐலண்ட்
2 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம் கொஞ்சம் குறைவு.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்ற வாரம் ஒருநாள் வழக்கம்போல் கூப்பிட்டேன். குணா ஆயிற்று, ஷாநவாஸ் ஆயிற்று. மூன்றாம் நம்பரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். வழக்கமாக உடனே பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. செட்டில் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "நல்லா இல்லை சார்" என்று ஒரு குரல்.

செட்டில் எல்லார் குரலும் கரகரவென்று ஒன்றுபோலத்தான் இருக்கும். இருந்தாலும் இது வேறு மாதிரி, வாயைச் செட்டுக்குள்ளேயே வைத்துப் பேசினாற்போல இருந்தது. பயிற்சியில் சொன்னபடி, "நான் இருக்கேன், சொல்லுங்க" என்றேன். மறுநாளும் கேட்டேன். "தண்ணி வான்னு கூப்பிடுது சார்" என்றது. அதற்கடுத்த நாள், "புள்ள செருப்பு இங்கதான் இருக்கு" என்றது.

மனம் திறக்கிறான் அக்கா. இந்தச் சமயத்தில் குறுக்கே விழுந்து அவசரப்படுத்தக்கூடாது, நம்பிக்கையை வளர்க்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் தவறாமல் கேட்கிறேன். கடலும் கொந்தளிப்பாகவே இருக்கிறது, டிங்கி எதுவும் ஓடவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஹரி


டெய்ரி ஃபார்ம்
10 ஆகஸ்ட் 2023

ஹரிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். அதை விடு.

உன் கடிதத்தை அத்தானிடம் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். சுதாகர் பெயர் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. எழுதிக் காட்டுங்கள் என்று பேப்பரை நீட்டினேன். ஜூன் நடுவில் ஹாடோ ஹார்பரில், சென்னைக் கப்பலுக்கு நின்ற வரிசையில் சுதாகரைப் பார்த்தாராம். கையில் பை. "மெயின்லேண்டுக்கா?" என்று கேட்டிருக்கிறார். "கார்த்திகாவப் பாக்கணும் அண்ணே" என்றானாம். கார்த்திகா அவன் பெண்டாட்டி. நீ லீவு கொடுத்து அனுப்பியிருப்பாய் என்று நினைத்து இவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனுஷனை என்ன செய்வது?

ஹரி, யோசித்துப் பார். சுதாகர் ஜூனிலேயே கப்பலேறிவிட்டான் என்றால், உன்னோடு தினமும் பேசுவது யார்?

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் குணாவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேள்.

நளினி


லாங் ஐலண்ட்
22 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நான் இருக்கிறேன்.

குணாவையும் ஷாநவாஸையும் ஆபீஸுக்கு வரவழைத்தேன். கேட்ட உடனேயே குணா தலையைத் தொங்கப்போட்டுவிட்டான். "தப்புதான் சார். லீவு கேட்டா இப்பதானே போயிட்டு வந்தேன்னு சொல்லுவீங்கன்னு பயந்தான். நாந்தான் படகுத்துறை ஜெட்டி வரைக்கும் கொண்டு விட்டேன். கப்பலு, டிக்கெட்டு, தூஃபான் புயல்னு இழுத்துக்கிட்டே போகும்ல. அதான் மாத்தி மாத்தி அவனுக்கும் ஹாஜிர் சொன்னோம். எங்க வீட்டுல சாவு விழுந்தப்ப அவன் எனக்கு ஹாஜிர் சொன்னான் சார்" என்றான்.

எனக்கு இது புதிதல்ல. இந்தத் தீவில் எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். கப்பலுக்குக் காத்திருக்கிறவனுக்காகக் கூட இருக்கிறவன் ஹாஜிர் சொல்வான். ஹாஜிருக்கு அடுத்தபடி எப்படி இருக்கிறாய் என்று நான் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். அதற்கும் இவர்கள் அவனுக்காகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். சிரித்தது ஷாநவாஸ்.

"நல்லா இல்லைன்னு சொன்னது யார்?" என்றேன். "குணாண்ணன் சொல்றாருன்னு நான் நெனச்சேன் சார். ஏன் இப்படிச் சொல்றாருன்னு கேக்கவும் பயமா இருந்துச்சு" என்றான் ஷாநவாஸ். குணா, "நான் இவன்தான்னு நெனச்சேன்" என்றான்.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களுடைய செட்டுகள் இரண்டும் அணைத்து என் மேஜைமேல்தான் இருந்தன. இருவரும் என் முன்னால் நின்றார்கள். நான் என் செட்டை எடுத்து மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன் சார்" என்று பதில் வந்தது.

ஷாநவாஸ் ஓதத் தொடங்கிவிட்டான். ஓடையில் முதலை கூடியிருக்கிறதென்று வனத்துறை போர்டு வைத்திருக்கிறது. காலையில் போகலாமென்று மூவரும் பேசினோம். காலையில் காற்று சரியில்லை. நேற்றும் சரியில்லை.

ஹரி


டெய்ரி ஃபார்ம்
25 ஆகஸ்ட் 2023

ஹரி,

காற்று சரியாகத்தான் இருக்கிறது. ஹார்பரில் கேட்டுவிட்டேன். கார்த்திகாவுக்கும் போன் போடச் சொன்னேன், சுதாகர் ஊருக்கு வந்து சேரவே இல்லையாம்.

அப்பாவின் உடம்பு கிடைக்காத வருத்தம் நமக்கு இன்றுவரை தீரவில்லை. அந்தப் பிள்ளையாவது கிடைக்கட்டும், உயிரோடோ எப்படியோ. குணாவின் தோளைப் பிடித்துக்கொள், கண்ணை மூடிக்கொள், டிங்கியில் ஏறு. போய்வந்த பிறகு எனக்கு எழுதினால் போதும்.

அக்கா


லாங் ஐலண்ட்
3 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டு வந்தேன். சுதாகர் உயிரோடு இருக்கிறான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் குணாவோடு அவனும் வருகிறான். அத்தான் ஜெட்டியில் நின்று நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும். மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு நிமிஷமும் தனியாக விட வேண்டாம்.

டிங்கியில் போனதைப் பற்றி எழுத மாட்டேன். ஏறினேன், இறங்கினேன். நடுவில் என்ன நடந்ததென்று குணாவிடம் கேள், அவன் தோளில் என் நகம் பதிந்திருக்கும்.

குடில் திறந்தே கிடந்தது. சுதாகர் தண்ணீருக்கு இறங்கும் பலகையில் உட்கார்ந்திருந்தான், எலும்பும் தோலுமாக. மடியில் செட். பக்கத்தில் சின்னதாக ஒரு ரோஸ் செருப்பு ஜோடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எழுந்தவன் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் அக்கா. "சார், இன்னைக்கு நான் பேசலாமா?" என்றான்.

ஹாடோவில் கப்பல் படி வரை போயிருக்கிறான். குழந்தை இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று கால் வரவில்லையாம். ஒரு வங்காளி மீன்காரரின் படகில் ஏறி, வேறு ஓடை வழியாக யாருக்கும் தெரியாமல் குடிலுக்கே திரும்பிவிட்டான். குணாவுக்குச் சொல்ல வெட்கம். அந்த மீன்காரர் எப்போதாவது கொடுத்த அரிசியில் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான். செட்டைப் போட்டால், அதில் அவனே பேசிக்கொண்டிருக்கிறான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெனமும் சாயங்காலம் நீங்க கேப்பீங்க. நான் நல்லா இருக்கேன்னு நானே சொல்லுவேன் சார். ஒருநாளு சிரிச்சேன். அதைக் கேட்டப்புறம், நல்லா இருக்கிறவன் அங்க ஒருத்தன் இருக்கான்ல, இங்க நான் எதுக்குன்னு தோணிருச்சு. அதே நெனப்பா இருந்து ஒரு சாயங்காலம் தண்ணியில கால வச்சிட்டேன். முழங்கால் வரைக்கும். அப்ப செட்டுல, நல்லா இல்லைன்னு கேட்டுச்சு. நீங்க, நான் இருக்கேன் சொல்லுங்கன்னீங்க. சரி, நாளைக்கு என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போவோம்னு ஏறிட்டேன். தெனமும் அப்படியே ஏறிட்டேன்."

"நீதானே சொன்னாய்?" என்று கேட்டேன். செட்டை என்னிடம் நீட்டினான். பேசும் பட்டன் உப்பு அரித்து உள்ளே விழுந்திருந்தது. குணா கழற்றிப் பார்த்தான். கேட்க முடியும், பேச முடியாது. மே மாதக் கடைசியிலிருந்தே சுதாகர் ஷாநவாஸின் குடிலுக்குப் போய்த்தான் ஹாஜிர் சொல்லிக்கொண்டிருந்தானாம். "நான் மனசுல நெனச்சதெல்லாம் அதுல கேட்டுச்சு. குணாண்ணன்தான் எப்படியோ கண்டுபிடிச்சுச் சொல்றாருன்னு இருந்தேன்" என்றான்.

குணா அழுதுகொண்டே மறுத்தான். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஹரி


டெய்ரி ஃபார்ம்
12 செப்டம்பர் 2023

அன்புள்ள ஹரிக்கு,

முதலில் நல்ல செய்தி. சுதாகர் சாப்பிடுகிறான், மாத்திரை போடுகிறான், தூங்குகிறான். அத்தானும் குணாவும் மாறி மாறிப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகா பிளேனில் வந்து இறங்கிவிட்டாள். அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். முந்தாநாள் அவன் அழுதான். சத்தமாக அழுதிருக்க வேண்டும், வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

செட்டில் பேசியது யார் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் அது அந்தப் பிள்ளையைப் படியேற்றியது. அதற்கு நன்றி சொல்லி ஒரு விளக்கு ஏற்றினேன்.

நீ டிங்கியில் ஏறிவிட்டாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது, ஆனால் கவலையும் இருக்கிறது. உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தூக்கம் குறைவு என்று ஒன்றில் எழுதினாய். "நான் இருக்கிறேன்" என்று ஒன்றில் எழுதினாய். ஊரையெல்லாம் கேட்கிறாயே, நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா


லாங் ஐலண்ட்
24 செப்டம்பர் 2023

அக்கா,

குணா திரும்பிவிட்டான். சாயங்காலக் கேள்வியை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது காலையில் டிங்கியில் நேரிலும் போய் வருகிறேன்.

மூன்றாம் குடிலைப் பூட்டியாயிற்று. அதன் செட் பேட்டரி இல்லாமல் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. சென்ற திங்கட்கிழமை குணா, ஷாநவாஸ் இருவரும் பதில் சொன்ன பிறகு, பழக்கத்தில் மூன்றாம் நம்பரையும் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. செட்டைக் கீழே வைக்கப் போனேன்.

"ஹாஜிர் சார். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது.

வாய் தானாக "டீக் ஹை" என்றது. அந்தக் குரல் போகவில்லை. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா காத்திருந்தது. பிறகு இரண்டாம் தடவை கேட்டது.

நான் செட்டை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் மூன்றாம் நம்பரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே கேட்டது. ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை கேட்கிறது. குணாவுக்கும் ஷாநவாஸுக்கும் கேட்கிறதா என்று விசாரிக்கத் தைரியம் இல்லை. நேற்று, "நான் இருக்கேன், சொல்லுங்க" என்றது.

டிங்கியில் போகும்போது தண்ணீரைப் பார்க்கிறேன். முன்பு போலப் பயமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு என்ன பதில் சொல்லட்டும்?


டெய்ரி ஃபார்ம்
27 செப்டம்பர் 2023

என் ஹரிக்கு,

உன் கடிதத்தின் அடியில் பெயர் எழுத மறந்துவிட்டாய். அதைப் பார்த்ததுமே அத்தானை டிக்கெட் எடுக்க அனுப்பிவிட்டேன்.

நாளை மறுநாள் போட்டில் வருகிறேன். இந்தக் கடிதம் நாளைய போட்டில் எனக்கு முன்னால் வந்துவிடும். இன்றே ஷாநவாஸின் உம்மாவுக்குச் சொல்லச் சொல்லி ஜெட்டிக்குப் போன் போட வைத்திருக்கிறேன். நான் வரும்வரை நீ அவர்கள் வீட்டில் சாப்பிடு, அவர்கள் வீட்டில் படு. டிங்கியில் ஏறாதே. வந்ததும் உன்னைக் கையோடு இங்கே கூட்டிவருகிறேன். சுதாகரைப் பார்க்கும் டாக்டரிடம் உனக்கும் நேரம் வாங்கியாயிற்று. முதலாளி என்ன சொல்வாரோ என்று யோசிக்காதே.

அது கேட்டால் பதில் சொல். நல்லா இல்லை என்று உள்ளதைச் சொல். சொல்லிவிட்டு, என் அக்கா வருகிறாள் என்றும் சொல்.

இன்னொன்று. நீ லாங் ஐலண்டுக்குப் போய் இத்தனை வருஷத்தில் நான் ஏன் ஒருதடவைகூட வரவில்லை என்று உனக்குத் தோன்றியதே இல்லை. தையல் வேலை என்றேன், காது என்றேன், நீயும் நம்பினாய். அப்பாவை சுனாமி கொண்டுபோன அன்றிலிருந்து நானும் கடல்மேல் கால் வைத்ததில்லை. ஜெட்டியின் பலகையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. என்னையும் யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

போட் வந்து நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் பலகை வரைக்கும் வந்து என் கையைப் பிடி.

உன் அக்கா,
நளினி